கேணலின் நான்காவது கடிதம்

இத்தாலியில், ஒரேத்தோவில், பேராசிரியரின் மேசையில் அந்த நான்காவது கடிதத்தை விரித்து வைத்த காலையை நான் இன்னும் மறக்கவில்லை. நான் அங்கே சமைக்கவும் வீடு கூட்டவும் போனவள். அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் நான் ஆங்கிலம் படித்தவள் என்று அறிந்த நாளிலிருந்து, என் கையிலிருந்த தும்புத்தடியை வாங்கி வைத்துவிட்டுப் பழைய கடிதங்களின் பிரதிகளை என்னிடம் நீட்டத் தொடங்கினார்.

"நீர் வேலைக்குப் போறீரோ, படிக்கப் போறீரோ?" என்று என் கணவர் சிரிப்பார்.

கடிதங்களை எழுதியவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கு எல்லையில் வாழ்ந்த ஒரு கேணல். மாட்டு வண்டியில் போய் இறங்கிய ஏழைச் சட்டத்தரணி. தொண்டர் படை திரட்டிப் பதவி பெற்றவர். பிறகு சட்டசபைக்குப் போனவர். ஆளில்லாத நிலத்தை ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் நாட்டோடு சேர்த்தேன் என்பதுதான் அவருடைய தேர்தல் பேச்சு. பேராசிரியர் அதை நம்பினார். பன்னிரண்டு வருடமாக அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கேணலின் கதையை எடுத்தால் சொந்தத் தமையனைப் பற்றிச் சொல்வது போலிருக்கும்.

அந்த நான்காவது கடிதம் கேணல் தன் மனைவிக்கு எழுதியது. பழங்குடிகளின் கிராமத்துக்குள் நுழைந்தோம், ஒருவரும் இல்லை, அடுப்புகளில் சோளக்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, பசியாறினோம் என்றிருந்தது. அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டிப்போட்டீங்கள்?" என்றார் பேராசிரியர். நாங்கள் பேசியது இத்தாலியன். என் காதில் அது தமிழாகவே தங்கியிருக்கிறது.

"இது வெறும் ஊரில்லை, புரொபெஸ்ஸோரே. கஞ்சி கொதிக்குதெண்டால் சனம் அப்பத்தான் ஓடியிருக்கு. நாங்களும் அடுப்பிலை சோறு கிடக்க ஓடினனாங்கள். ஆமி வந்து பார்த்திட்டு, இஞ்சை ஒருத்தரும் இல்லையெண்டுதான் எழுதியிருக்கும்."

திரும்ப வாசிக்கச் சொன்னார். மூன்று தரம் வாசித்தேன். 

"இண்டைக்கு வீட்டை போங்கோ" என்றார்.

நாலு நாள் கூப்பிடவில்லை. பெர்மெஸ்ஸோவை, அதாவது இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க அவருடைய கையெழுத்துத் தேவைப்பட்ட மாதம் அது. வாயைக் கொடுத்து வேலையைக் கெடுத்தேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் அழைப்பு வந்தது. படியேறிப் போனால் கடிதக் கட்டுகள் எல்லாம் அவிழ்ந்து மேசை நிறையக் கிடந்தன. "முதலிலை இருந்து வாசிப்பம். சனம் இருந்த அடையாளம் எங்கை வந்தாலும் நிப்பாட்டுங்கோ" என்றார். அந்த முதிய முகத்தில் அப்படியொரு அவசரத்தை நான் கண்டதில்லை. அன்று வீடு கூட்டவே இல்லை. மதியத்துக்குள் இன்னும் இரண்டு ஊர்களைக் கண்டுபிடித்தோம். ஒன்றில், கொடியில் ஈரம் காயாத துணி. அதை வாசித்தபோது இருவருமே கதிரையை விட்டு எழும்பிவிட்டோம்.

பேராசிரியர் இப்போது இல்லை. புத்தகம் போன மாதம் வெளிவந்தது. கடையில் நின்றபடியே அந்த அத்தியாயத்தைத் திறந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய முதல் வரி ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது: "அந்த ஊரில் ஆட்கள் இருந்தார்கள்."