கொழும்புக்குப் போன ஆறு அன்னாசி டின்கள்

பிறர் பேசியதை அவர்களைவிடச் சரியாக அறிந்து வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பதே சுருக்கெழுத்தாளரின் தொழில். அந்தத் தொழிலை நான் மலாயாவில் ரெம்பாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் தொடங்கினேன். அவசரகாலம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு ஒரு பிடி அரிசியும் போய்ச் சேரக்கூடாது என்று தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் ஆளுக்கு ஆள் சோதனை வைத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது மூன்று மாதத் தற்காலிக வேலை. அது நிரந்தரமாவது தலைமை எழுத்தர், அதாவது பெரிய கிராணி கதிரவேலு, எழுதப்போகும் ஒரு கடிதத்தில் இருந்தது. அலுவலகத்துக்குள் பெண் வந்தால் மைக்கூடு கவிழும் என்று நம்பியவர் அவர். வேலை போனால் எனக்கென்று என் தகப்பனார் ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். அவரை நான் பார்த்ததில்லை, பார்க்கும் ஆவலும் இல்லை.

இந்நிலையில் தோட்ட நிர்வாகியான துரை, கம்பெனிக் கூட்டத்துக்காக முன்னதாகவே கொழும்புக்குப் போனார். போகுமுன் மறுநடவு பற்றிய இருபத்திரண்டு பக்க அறிக்கையை எனக்கு வாய்மொழியாகச் சொன்னார். அதைத் தட்டச்சு செய்து, ரப்பர் ஷீட் மாதிரிகளுடன் விமானத்தில் கொண்டுவர வேண்டும். கடைசி நேரத் திருத்தங்களுக்காக, அவருடைய கையெழுத்தைப் படிக்கக்கூடிய ஒரே ஆளான நானும் வர வேண்டும். இது உத்தரவு. மணமாகாத பெண்ணைத் தனியே அனுப்புவது முறையன்று என்று பெரிய கிராணி தாமும் புறப்பட்டார். விமான நிலைய வரிசைகளில் கால் கடுக்க நிற்கும் இந்நாளைய பயணிகளே, உங்களுக்கு முன்பே நாங்கள் பட்டதைக் கேளுங்கள்.

சட்டப்படி ஒரு துளை

கொழும்பில் இருந்த தமது அக்காவுக்கு ஆறு டின் அன்னாசி வாங்க, பெரிய கிராணி ரெம்பாவில் ஒரு சீனர் கடைக்குப் போனார். நானும் உடன் இருந்தேன். உணவு டின் எதுவானாலும் விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அக்காலச் சட்டம். துளையிட்டதை எவரும் பதுக்கிவைக்க முடியாதல்லவா? டின்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய அனுமதிச் சீட்டைப் பெரிய கிராணி நீட்டினார். கடைக்காரர் அதை மரியாதையாகப் படித்தார், மடித்துக் கொடுத்தார், ஆணியையும் சுத்தியலையும் எடுத்து ஆறு டின்களிலும் துளை போட்டார்.

“இது கொழும்புக்குப் போற சாமான் ஐயா!” என்று பெரிய கிராணி பதறினார். கடைக்காரர் தோட்டத்துத் தமிழில் அமைதியாகச் சொன்னார்: “ஓட்டை போடாம குடுத்தா நீங்க கொழும்புக்குப் போவீங்க, நான் உள்ள போவேன் லா.”

கழிவு கேட்டவர்

ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் இருந்தவருக்கு ஓட்டை ஒரு பொருட்டா? ஸ்டோரில் கொஞ்சம் ரப்பர்ப் பால் வாங்கி, ஆசிட் விட்டு இறுக வைத்து, ஆறு துளைகளையும் அடைத்துவிட்டார். டின்களைத் தம் தோல்பையில் அடுக்கினார். மூத்தவர் என்ற உரிமையில் அறிக்கையையும் அதன் கார்பன் படிகளையும் அதே பையில் வைத்துக்கொண்டார். என் சுருக்கெழுத்து நோட்டையும் கேட்டார். அதில் அறிக்கைக்கு அப்பாற்பட்ட சிலவும் இருந்தபடியால் நான் கொடுக்கவில்லை.

கோலாலம்பூர் விமானத் திடலில் அந்நாளில் பெட்டியை மட்டுமன்றி ஆளையும் நிறுப்பார்கள். பெரிய கிராணியும் அவருடைய பையும் சேர்ந்து அளவுக்கு மேல் போயின. அவர் அசரவில்லை. தோட்டத்தில் பால் நிறுக்கும்போது தண்ணீருக்கென்று ஒரு பங்கு கழிப்பது அவர் கையால் நாள்தோறும் நடப்பது. ஆகவே கோட்டுக்கும் சப்பாத்துக்கும் அதே முறையில் கழித்துக்கொள்ளும்படி கேட்டார். தராசருகே நின்ற தமிழ் இளைஞர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்கம்மா இருபது வருஷம் பால் வெட்டுனவங்க. அவங்க பால்ல நீங்க கழிச்சதே போதும் ஐயா, கோட்டோட ஏறி நில்லுங்க.”

சீருடையைக் கண்டால்

இது என்னைப் பற்றியது; மறைக்கப்போவதில்லை. தோட்டத்து வாசலில் ஒவ்வொரு நாளும் சோதனைக்கு நின்று நின்று, சீருடையைக் கண்டால் எங்கள் கைகள் தாமே மேலே போகும். கங்காணி, கிராணி, படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. கொழும்பு விமானம் பிடிக்கச் சிங்கப்பூரில் இறங்கி, விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையும் தொப்பியுமாக ஒருவர் எங்களை நோக்கி வேகமாக வந்தார். நான் கைப்பையைக் கீழே வைத்தேன். இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் உயர்த்தினேன். பக்கத்தில் பெரிய கிராணியும் உயர்த்திக்கொண்டு, வழக்கம்போலக் கண்ணையும் மூடிக்கொண்டார். அங்கிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டுத் தாமும் உயர்த்த வேண்டுமோ என்று ஐயுற்றது.

வந்தவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “நான் பெட்டி தூக்குற ஆளும்மா. நீங்க ரெண்டு பேரும் இப்படி நின்னா எந்தப் பெட்டின்னு யாரு காட்டுறது?”

மேகத்துக்கு மேலே

மழையால் சிங்கப்பூரில் ஒரு நாள் வீணாயிற்று. துளையிட்ட அன்னாசி புழுக்கத்தில் புளிக்கும் என்பதையோ, உயரே போகப் போக அடைப்புகள் தாங்கா என்பதையோ பெரிய கிராணி எண்ணிப் பார்க்கவில்லை. விமானத்தில் புகையில் உலர்த்திய எங்கள் ரப்பர் ஷீட்டின் வாசனைக்கு ஓர் அம்மையார், எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று இரண்டு முறை பணிப்பெண்ணை அழைத்தார். மூன்றாம் முறை அழைக்கக் கையெடுத்தபோது பெரிய கிராணியின் மடியிலிருந்த பைக்குள் ‘டப்’ என்றது. அடுத்தது. அடுத்தது. ஆறும் வரிசையாக வெடித்தன.

பையைத் திறந்தோம். இருபத்திரண்டு பக்கமும் கார்பன் படிகளும் பாகில் ஊறி ஒரே பலகையாக ஒட்டியிருந்தன. பிரித்த முதல் தாள் மை கரைந்து என் விரலோடு வந்தது. கூட்டம் அன்று மாலை நான்கு மணிக்கு. நாங்கள் இறங்குவதோ மூன்று மணிக்கு. புதிதாகத் தட்டச்சு செய்ய வழியே இல்லை. பழி யார்மேல் விழும் என்று எனக்கு ஐயமில்லை. மைக்கூட்டைப் பற்றி முன்பே சொன்னவர் அல்லவா? அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார், அன்னாசிப் பாகோடு.

“பிள்ளை, என்ர முப்பது வருசச் சர்வீஸ் இந்தப் பைக்குள்ள கிடக்கு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

சுங்க மேசையில்

கொழும்பில் சுங்க அதிகாரி பையைத் திறந்தார். டின்களைத் தலைகீழாகத் திருப்பி, ஆறு ஓட்டைகளையும் ஒவ்வொன்றாக எண்ணினார். எங்கிருந்தோ எறும்புகள் அதற்குள் வரிசை பிடித்திருந்தன. வெளியே கண்ணாடிக்கு அப்பால் ஒருத்தி கூடை நிறைய அன்னாசியை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அதிகாரி அவளைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், பெரிய கிராணியைப் பார்த்தார்.

“அன்னாசி விளையிற நாட்டுக்கு அன்னாசி கொண்டு வாறியள், அதையும் ஓட்டை போட்டு. எங்களோட ஏதும் கோவமோ ஐயா?”

துரை இருமிய இடங்கள்

கூட்ட அறைக்கு வெளியே துரையிடம், “அறிக்கை நனைந்துவிட்டது; என் நோட்டில் இருக்கிறது” என்றேன். எப்படி நனைந்தது என்று அவர் கேட்க நேரமில்லை, நானும் சொல்லவில்லை. நோட்டை வாங்கித் திறந்தார். கோடுகளையும் புள்ளிகளையும் கண்டு திருப்பித் தந்தார். ஆகவே, பெண்கள் தேநீர்த் தட்டோடு மட்டுமே நுழைந்திருந்த அந்த அறையில் முதிய இயக்குநர்கள் அறுவர் முன் நான் நாற்காலியில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கினேன்.

எனக்குக் கற்பித்தவர்கள், வாயிலிருந்து வருவதெல்லாம் தாளில் இருக்க வேண்டும் என்று கற்பித்தவர்கள். வேண்டாததைத் தட்டச்சில் விட்டுவிடுவேன். நோட்டில் அது இருக்கும். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது: ‘இந்தக் கிழவர்களுக்கு ரப்பர் மரத்துக்கும் தென்னை மரத்துக்கும் வேறுபாடு தெரியாது, ஆகவே மெதுவாக விளக்குவோம்.’ நான் நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று தலைவர் கேட்டார். “இந்த இடத்தில் துரை இருமினார்” என்றேன். துரை என்னைப் பார்த்தார். உடனே பலமாக இருமினார். பதினொன்றாம் பக்கத்திலும் பதினான்காம் பக்கத்திலும் நான் நிறுத்துவதற்கு முன்பே இருமிவிட்டார். பதினெட்டில் இருமத் தேவையே இருக்கவில்லை, இருந்தும் இருமினார்.

அறிக்கை ஏற்கப்பட்டது. தலைவர் எழுந்து, கண்ணாடியை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “அருமையாக வாசித்தீர்கள், மிஸ். உங்கள் நிர்வாகியின் நெஞ்சை மட்டும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.”

திரும்பி வந்த பின்

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள், அந்த நோட்டு எங்கே என்று துரை கேட்டார். பத்திரமாக இருக்கிறது என்றேன். பிற்பகலில் பெரிய கிராணி என் மேசைக்கு வந்தார். அதுவரை அவர் என் மேசைக்கு வந்ததில்லை. கூப்பிட்டால் நான்தான் போவேன். மைக்கூட்டைத் தாமே ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிப்போட்டன், பிள்ளை. அன்னாசிக் கதையும் அந்த நோட்டில இருக்கோ?”

முப்பத்தொரு ஆண்டுகள் அந்த நாற்காலியில் அமர்ந்து நான் அறிந்துகொண்டது, ஒருவருடைய திறமையை மதித்து வேலை தருபவர்களைவிட அவருடைய நோட்டுப் புத்தகத்தை மதித்து வேலை தருபவர்களே மிகுதி என்பதுதான்.