நண்டுக் கட்டுரைக்கு நாலு சொந்தக்காரர்கள்

ஆராய்ச்சிக் கட்டுரை போடறதும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறதும் ஒரே தொழில்தாங்க; பேரு விட்டுப்போனவங்க ஆயுசுக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாங்க.

நீங்களும் ஒரு கட்டுரைக்காக நாயா அலைஞ்சவங்கன்னா என் வயித்தெரிச்சல் புரியும். தஞ்சாவூர்ல ஒரு தனியார் கல்லூரியில விலங்கியல் நடத்தறேன், தற்காலிக வேலை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுல முழங்கால் சேத்துல நின்னு, நண்டுகளைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினேன். முதல் பேரா என் பேரு போட்டு அது வெளிவந்தாத்தான் பிஎச்.டி. தீசிஸ் குடுக்க முடியும். பிஎச்.டி. வந்தாத்தான் வேலை நிரந்தரம்.

மொய்

என் கைடுதான் எங்க துறைத்தலைவர். படிச்சுட்டு "பிரமாதம்மா"ன்னார். தன் பேரைச் சேர்த்தார். சரி, அது எல்லா இடத்துலயும் நடக்கிறதுதான். கூடவே கும்பகோணத்துல இருக்கிற வேதியியல் பேராசிரியர் ஒருத்தர் பேரையும் சேர்த்தார். அந்த மனுஷன் நண்டைக் குழம்புல பார்த்ததோட சரி. அவரு எதுக்கு சார்னு கேட்டேன்.

"போன வருஷம் அவரு பேப்பர்ல என் பேரைப் போட்டாரும்மா. திருப்பிச் செய்யலைன்னா நாளைக்கு அவரு மூஞ்சியில முழிக்க முடியுமா?"

மாப்பிள்ளை

விஷயம் பிரின்சிபால் காதுக்குப் போச்சு. அவரு மாப்பிள்ளை திருச்சியில சிவில் இன்ஜினியரிங் வாத்தியார்; பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறையுதாம். "நண்டு வளை தோண்டுதுல்ல? அது சிவில்தானேம்மா?"ன்னு பிரின்சிபால் கேட்டார். சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. மாப்பிள்ளை பேரு ஏறிச்சு. மறுநாள் பார்த்தா பிரின்சிபால் பேரும் ஏறியிருக்கு. கைடுகிட்ட ஓடினேன். அவரு நிதானமா சொன்னார்.

"மாப்பிள்ளை பேரு இருந்து மாமனார் பேரு இல்லைன்னா பார்க்க நல்லாவாம்மா இருக்கும்?"

ராகுகாலம்

ஆராய்ச்சி இதழுக்குக் கட்டுரையை அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அது முடியற பன்னிரண்டு மணிக்கே அந்த இதழும் கடையைச் சாத்திடும். ராகுகாலத்துல அனுப்பினா கட்டுரையைக் குதறித் திருப்பிடுவாங்கன்னு கைடுக்குப் பயம். பத்தேகாலுக்குக் கம்ப்யூட்டர் முன்னாடி அவரே உக்காந்துட்டார். பேரை எல்லாம் அடிக்கிறார், இதழோட வெப்சைட் ஒத்துக்கல. நாலு பேருக்கு மேல வாங்காதாம். நாங்க அஞ்சு பேர்.

கடிகாரத்தைப் பார்த்தார். பிரின்சிபால் ரூம் பக்கம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "சார், இது என் கட்டுரை சார்!"னு கத்தியே விட்டேன். என் பேரை அழிச்சுட்டுப் பட்டனை அழுத்தினார்.

"வீட்டு ஆளுங்க கடைசிப் பந்தியிலதானேம்மா உக்காரணும்?"

பொன்னாடை

கட்டுரை வெளிவந்துச்சு. கல்லூரியில பாராட்டு விழா, நாலு பேருக்கும் பொன்னாடை. தட்டைத் தூக்கிட்டு மேடையில நின்னது யாருன்னு நினைக்கறீங்க? நான்தான். தீசிஸ் பீரோவுக்குள்ள கிடக்கு. வேலை இன்னமும் தற்காலிகம்தான். பொன்னாடையை வாங்கிக்கிட்ட மாப்பிள்ளை, பாவம், நல்ல மனுஷன், என்கிட்ட அக்கறையா சொன்னார்.

"மேடம், சும்மா பாடம் மட்டும் நடத்திட்டிருந்தா எப்படி? நீங்களும் ஏதாவது ரிசர்ச் பண்ணலாமே!"

என்னை மாதிரி ஏமாந்தவங்களே, இந்தத் தொழில்ல கட்டுரை எழுதத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, பட்டனை அழுத்தற நாற்காலியிலயும் நாமதான் உக்காந்திருக்கணும்.