முனியாண்டிக்காகப் பேசியவர்

காலை ஒன்பது மணி, பதினோரு வழக்குகள், முதல் பெயர் முனியாண்டி. 1977-இல் மலேசியாவின் ஈப்போ மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அந்த வழக்கு நடந்த அன்று நான் முதலில் குறித்துக்கொண்டது இவ்வளவுதான். நாளிதழுக்குக் கோர்ட்டுச் செய்தி எழுதுகிறவன் வேலை, அடுத்தவர் தலைவிதியை எட்டு வரிக்குள் அடக்குவது. பெயர் கூப்பிடுவார்கள் என்று அந்த மர வாங்கில் உட்கார்ந்து கால் மரத்துப்போனவர்களுக்கு, நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

முனியாண்டி லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பால் நிறுக்கும் கொட்டகையின் படியில் தோட்டத்துக் கணக்கரான கிராணியைத் தள்ளிவிட்டுக் கையை முறித்தார் என்று வழக்கு. கிராணி தானாக வழுக்கி விழுந்தார், நான் தூக்கத்தான் போனேன் என்பது முனியாண்டியின் கட்சி. தண்டனை கிடைத்தால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அந்த வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

வாசலில் செருப்பு

வழக்கறிஞர் தர்மராஜ் காசு வாங்காமல் வாதாட ஒப்புக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. கோர்ட்டுத் தாழ்வாரத்தில் முனியாண்டியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார். "தள்ளுனியா, இல்லையா?" என்று கேட்டதற்கு, "இல்லீங்கய்யா" என்று சிமெண்டுத் தரையிடம் சொன்னார்.

தோட்டத்து ஆபீஸ் முன்னால் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். தொரை முகத்தை நேராகப் பார்த்தால், "என்னடா மொறைக்கிற?" என்று அன்றைக்கு வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தர்மராஜ் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தைக் காரில் கடந்து போனதோடு சரி. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பாத்தீங்களா, மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான். தப்புப் பண்ணாதவன் இப்படியா நிப்பான்?"

கூப்பிடாத சாட்சி

கிராணி விழுந்ததைக் கண்ணால் பார்த்த ஒருத்தர் இருந்தார். முனியாண்டியோடு அதே மர நிரையில் பால் வெட்டும் ராசம்மா. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். தாழ்வாரத்தில் தர்மராஜைப் பார்த்ததுமே, வாயில் வெற்றிலையோடு, கையை ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தார். "மழ தூறிச்சிங்க, படியெல்லாம் பாசி, கிராணி புது பூட்ஸு போட்டுக்கிட்டு வந்தாரு, சர்ருனு போனாரு பாருங்க!" அந்தக் குரலுக்குப் பக்கத்துக் கோர்ட்டிலிருந்து ஒரு போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

தர்மராஜ் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவரை வாங்கில் உட்காரச் சொன்னார். சாயங்காலம் வரை கூப்பிடவே இல்லை. காரணம் கேட்டேன். "தோட்டத்துப் பொம்பள லா. சத்தம் போட்டுக் கேசக் கெடுத்துரும்."

இரண்டு கனவான்கள்

கிராணி டை கட்டி, கையில் மாவுக்கட்டோடு கூண்டில் ஏறினார். நல்ல ஆங்கிலம். தர்மராஜ் அவரை ஒவ்வொரு முறையும் 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிட்டார். உட்கார நாற்காலி வேண்டுமா என்று விசாரித்தார். மழையைப் பற்றிக் கேட்கவில்லை. பூட்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. தன் கட்சிக்காரரைச் சொல்ல வந்த இடங்களிலெல்லாம் 'இவன்' என்றார்.

அரசுத் தரப்பில் வழக்கு நடத்தியவர் ஒரு மலாய் இன்ஸ்பெக்டர். கோப்பெங்கில் தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் சரளம். இடைவேளையில் கோப்பி குடிக்கும்போது தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, இன்னைக்கு எனக்கு வேலையே இல்ல லா. எல்லாம் உங்க லாயரே பாத்துக்கிறாரு."

நிமிர்ந்து பார்

முனியாண்டி கூண்டில் ஏறும் முன் தர்மராஜ் ஒரே ஒரு அறிவுரை சொன்னார்: தலையைத் தூக்கு, மாஜிஸ்திரேட் முகத்தை நேராகப் பார். மனிதர் சொன்னதைச் செய்தார். இமைக்காமல், கழுத்து விறைக்க, கேள்வி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மாஜிஸ்திரேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு அதிகாரியை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். எவ்வளவு நேரம் பார்ப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தீர்ப்பில் மாஜிஸ்திரேட் அதையும் சேர்த்துக்கொண்டார்: "கோர்ட்டையே முறைக்கிற ஆள், கிராணியைத் தள்ளியிருக்க மாட்டார் என்று நம்புவது கடினம்."

உனக்காகத்தான்

குற்றவாளி என்றான பிறகு, தண்டனையைக் குறைக்கச் சொல்லித் தர்மராஜ் எழுந்தார். அன்றைக்கு அவர் உருக்கமாகப் பேசியது அந்த ஒரு முறைதான். படிப்பில்லாதவன், தோட்டத்தில் இவர்களுக்குக் கள்ளும் கோபமும் சகஜம், அதை மனத்தில் வைத்து இரக்கம் காட்ட வேண்டும் என்றார். முனியாண்டி குடிக்க மாட்டார். அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில். ஆறு மாதம் என்று மாஜிஸ்திரேட் சொல்லி முடித்ததும் முனியாண்டி மொழிபெயர்ப்பாளர் பக்கம் குனிந்து, "லாயரய்யா என்னங்க சொன்னாரு?" என்றார். அவர் காகிதங்களை அடுக்கியபடியே பதில் சொன்னார்: "ஒனக்காகத்தான்யா பேசுனாரு."

கமுந்திங்கில்

அந்த மாதமே லயத்து வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. சில வருடம் கழித்து, கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் முனியாண்டியைப் பார்த்தேன். மூட்டை ஏற்றும் வேலை. பிள்ளைகளோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போன மனைவி அங்கேயே இருந்துவிட்டாராம். இவர் பண்டிகைக்குப் போய் வருகிறாராம். தர்மராஜ் மேல் கோபமா என்று கேட்டேன்.

"அவரு நல்லவரு தாண்ணே. குனிஞ்சேன், தப்புன்னாரு. நிமுந்தேன், அதுவும் தப்பாப் போச்சி. அது கெடக்கட்டும். அந்த ராசம்மாவ மட்டும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

1986 ஆகஸ்டில், ஈப்போவில் நடந்த ஒரு கூட்டத்தில், நீதிபதிகளின் மனத்தில் அவர்களுக்கே தெரியாமல் படிந்திருக்கும் பாரபட்சம் பற்றி வழக்கறிஞர் தர்மராஜ் ஒரு மணி நேரம் பேசினார். கைதட்டல் நன்றாக இருந்தது.