மூப்பர் தின்ற கேக்கு

டிசம்பர் மாதம் வந்து, எவராவது சமாதானம், சகோதர அன்பு என்று பிரசங்கத்தை ஆரம்பித்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. "இந்த வயசுல இவ்ளோ கோவம் ஆவாதும்மா" என்கிறார்கள் என் பிள்ளைகள். ஆகாதுதான். ஆனால் மற்றப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் அன்று புதுப் பாவாடை கிடைத்தால், எனக்கு ஒரு வருஷம் கிடைத்தது இந்தக் கோபம். பாவாடை கிழிந்துபோயிருக்கும். இது கிழியவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பூந்தமல்லியில் எங்கள் சபை மூப்பருக்குச் சொந்தமான மாந்தோப்பின் ஓரத்தில் குடியிருந்தோம். வீடு நாங்கள் கட்டியது, மண் அவருடையது. மூப்பர் என்றால் சபையில் பாதிரியாருக்கு அடுத்த ஆள்; பல காரியங்களில் பாதிரியாருக்கும் மேலே. அப்பா ஆவடி பட்டாளத்து முகாமில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சமையல்காரர். காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்.

பண்டிகைக்கு முதல் நாள் அக்கம்பக்கத்துக்குத் தட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். அதில் இரண்டு வகை உண்டு. எங்கள் அடுப்பில் வெந்ததைத் தின்பவர்களுக்குப் பலகாரத் தட்டு. தின்னாதவர்களுக்கு வாழைப்பழம், வெற்றிலைபாக்கு, கல்கண்டு வைத்த பச்சைத் தட்டு. எந்த வீட்டுக்கு எது என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை.

அந்த வருஷம் அரிசி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. இருந்தும் அம்மா எங்கெங்கோ சொல்லிவைத்து அரிசியும் வெல்லமும் தேற்றி, இடித்து, பாகு காய்ச்சி, அதிரசம் சுட்டாள். தட்டு அடுக்கும் நேரம் பார்த்து அவளுக்குத் தலைவலி. புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த சித்தி அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். சித்தி மிஷன் போர்டிங்கில் படித்தவள், வேதாகமத்தில் எந்த அதிகாரம் கேட்டாலும் ஒப்பிப்பாள். அவள் யோசித்தாள்: மூப்பர் நம் சபை, ஒரே வேதம், அவருக்குப் பலகாரம். எதிர்வீட்டு மாட்டுக்காரர் நெற்றி நிறைய நாமம் போட்டவர், அவருக்குப் பச்சைத் தட்டு. படித்ததை நம்பினாள், பாவம். அதுதான் அவள் செய்த தப்பு.

நான்தான் தட்டுகளைக் கொண்டுபோனேன். மாட்டுக்காரர் மனைவி துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, வாழப்பயத்த குட்து ஏமாத்தற? அதிரசம் எங்கடி? உங்கம்மா அதிரசத்துக்குத்தான் வர்சம் முச்சூடும் காத்துகினு கீறேன்" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

மூப்பர் வீட்டில் அவர் மனைவி வந்தாள். துணியை ஒரு விரலால் ஒதுக்கினாள். முகம் கோணிக்கொண்டது. தட்டைத் தொடாமலே வேலைக்காரியைக் கூப்பிட்டுக் கண்ணால் ஏதோ சொன்னாள். வேலைக்காரி நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனை அதிரசத்தையும் மாட்டின் கழுநீர்த் தொட்டியில் கொட்டினாள்.

"அய்யோ, நல்லா கீதும்மா! நான் துன்னு பாத்தேன்!" என்று கத்தினேன்.

"மூப்பர் ஊட்டுக்கு இன்னா அனுப்பணும்னு உங்கம்மாவுக்குத் தெரியாது? கொழுப்பு ஏறிப்போச்சா?" என்றாள் அந்த அம்மாள்.

தட்டு கழுவப்பட்டுத் தரையில் என் பக்கமாகத் தள்ளப்பட்டது. பண்டிகைத் தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தர வேண்டும் என்பார்கள். அதுகூட இல்லை. ஒரு கிறிஸ்தவச்சி, பண்டிகைக்கு முதல் நாள், ஒரு குழந்தைக்கு எதிரே!  

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா தட்டைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள்.

"ஒரே வேதந்தானேக்கா நாமெல்லாம்? சர்ச்சுல ஒரே கிண்ணத்துல திராட்சரசம் குடிக்கலியா?" என்றாள் சித்தி.

"அவுங்க குட்ச்சப்புறந்தான் நமக்கு வருது. நீ இன்னும் பாக்கல" என்றாள் அம்மா. "வேதம் கோயில்ல கீது. ஊடு அவுரு மண்ணுல கீது. நாளைக்கே காலி பண்ணுன்னு சொன்னா புள்ளைங்கள இட்டுகினு எங்க போவ?"

எனக்கு இதில் ஒன்றும் ஏறவில்லை. நான் புரிந்துகொண்டது ஒன்றே ஒன்று: எங்கள் வீட்டுச் சமையல் நன்றாக இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அது பொய். அந்தப் பொய்யை உடைத்தே ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அப்பா சந்தோஷமாக வந்தார். முகாமில் பெரிய கேக்கு ஒன்று செய்தாராம். கேப்டன் துரைசானி அதை மறுநாள் எங்கள் சர்ச்சுக்கே எடுத்து வரப்போகிறாளாம். "மேல பாதாம்பருப்புல நட்சத்திரம் வெச்சிருக்கேன், பாரு" என்று என்னிடம் சொன்னார். அம்மா கழுநீர்த் தொட்டி விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாதே என்று எனக்கும் ஜாடை காட்டினாள்.

மறுநாள் ஆராதனையில் வேதபாடம் வாசித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மூப்பர்தான். சத்திரத்தில் இடமில்லாமல் மாட்டுக்கொட்டிலில் பிள்ளை பெற்ற கதையை அவர் வாசிக்க, பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். எங்களுக்கும் அந்தப் பழமொழி பொருந்தும்.

ஆராதனை முடிந்து, வெளியே மரத்தடியில் தேநீர். துரையும் துரைசானியும் காரில் வந்து இறங்கினார்கள். அப்பா நாற்காலிகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். துரைசானி தன் கையாலேயே கேக்கை வெட்டி முதல் துண்டை மூப்பருக்குக் கொடுத்தாள். நட்சத்திரத்தில் ஒரு கால் அவர் துண்டோடு வந்திருந்தது.

மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். "ஆகா! வெள்ளக்காரன் கையின்னா கைதாம்பா. சுத்தம்னா இது சுத்தம்" என்றார். இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இதோ, அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்! ஓடிப்போய் அவர் எதிரே நின்று, சபை முழுவதும் கேட்கும்படி கூவினேன்: "அது எங்க நைனா சுட்ட கேக்கு! எங்க நைனா சுட்டது!"

மெல்லுவது நின்றது. மரத்தடியே ஊமையாகிவிட்டது. தமிழ் தெரியாத துரையும் துரைசானியும் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வாயில் கேக்கோடு மூப்பர் அப்பா பக்கம் திரும்பினார்.

"இன்னாடா சொல்லுது உம் பொண்ணு?"

அப்பா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். மாரில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று சொல்லப்போகிறார், எல்லோரும் கை தட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"கொயந்த ஒளறுதுங்க" என்றார் அப்பா. "தொரசானி அம்மா கையால செஞ்சதுங்க அது. நான் அடுப்பு ஊதுனதோட செரி. கேக்க தொடவேயில்லீங்க."

மூப்பர் விழுங்கினார். மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டார். பேச்சுச் சத்தம் மறுபடியும் எழுந்தது. "பொய் சொல்லாமக் கீறதுக்குத்தான் சண்டே ஸ்கூலுக்கு வர்றது, தெரியுமா?" என்று யாரோ என் காதைத் திருகினார்கள்.

பண்டிகை நாளில், கோயில் வாசலில், என் அப்பா பொய் சொல்லி என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சித்தி மட்டும் மூப்பரை நேராக முறைத்துப் பார்த்தபடி நின்றாள். அவள் உதடு துடித்தது. பிறகு அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்க மாட்டேன் என்று ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "பொய்யி! பொய்யி! நீதான் சுட்ட!" என்று அவர் தலையில் இரண்டு கையாலும் குத்தினேன். எண்ணெய் வைத்து வாரிய முடியைப் பிடித்து இழுத்தேன். எதிரே வந்த வண்டிக்காரன் கூடச் சிரித்தான்.

"பாத்துகினு கீறியே, நிறுத்த சொல்லு" என்று அம்மா அப்பாவை அதட்டினாள்.

"உடு, அடிக்கட்டும்" என்றார் அப்பா. "யாரையாச்சும் அடிக்கணுமில்ல."

என் கை ஓயும்வரை அடித்தேன். அத்தனை அடியும் வாங்க வேண்டிய தலை வேறு என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.