நாயனம் வாசிக்கிற பெண்ணுக்கு ஒரு வீடு

எங்கள் பக்கத்தில் நாயனம் இல்லாமல் தாலி ஏறாது. காதுகுத்து, பால்காய்ப்பு, கடைத்திறப்பு, சாமி புறப்பாடு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஆள் கிடைக்காத முகூர்த்த நாளில் பதிவு செய்து வைத்ததையாவது ஒலிபெருக்கியில் போட்டுத் தெருவை எழுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாயனம் வாசிக்கிற ஒரு பெண்ணுக்கு வாடகை வீடு தேடி நான் இரண்டு மாதம் அலைந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பத்திரப்பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊரார் வீடுகளையெல்லாம் பதிவு செய்து கொடுத்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காம்பவுண்டுக்குள் வாடகைக்குக் குடியிருக்கிறேன். இதைச் சொல்லிச் சிரிக்காத உறவினர் எனக்கு இல்லை. அந்தப் பெண், கும்பகோணம் பக்கம் என்னோடு வேலை பார்த்த நண்பரின் மகள். ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியையாக ஜூன் மாதம் சேர்ந்தாள். ஐப்பசியில் வானொலித் தரத் தேர்வு அவளுக்கு. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்ததே நான்தான். அதற்குள் தினமும் இரண்டு மணி நேரம் முழு மூச்சில் வாசித்துப் பழக ஓர் இடம் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தங்கியிருந்த மகளிர் விடுதியில் வாசிக்க அனுமதி இல்லை. பள்ளியில் இசை அறையை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள். ஒன்பதே காலுக்குப் பிள்ளைகள் வந்துவிடும். குளியலறையில் சீவாளியை மட்டும் உதட்டில் வைத்து ஊதிப் பார்க்கிறேன் என்றாள். நாயனத்தின் வாயில் வைத்து ஊதும் அந்தச் சின்ன நாணல் துண்டுதான் சீவாளி. அதை மட்டும் ஊதினால் உதடு பழகும், மூச்சு பழகாது. அதைவிட இன்னொன்று அவளை அரித்தது. "ராகம் எடுத்தா பழசே வருது பெரியப்பா. நான் நினைச்சு ஒண்ணுகூட வரமாட்டேங்குது" என்றாள். அதற்கான நடைமுறை எனக்குத் தெரியாது. வீட்டுக்கான நடைமுறை தெரியும் என்று நினைத்தேன்.

முதலில் என் வீட்டிலேயே வாசிக்கச் சொன்னேன். அதிகாலைப் பஸ்ஸில் வந்து மூன்று நாள் வாசித்தாள். நாலாம் நாள் காம்பவுண்டு உரிமையாளரே வந்துவிட்டார். இரவு பத்து மணியில் இருந்து காலை ஆறு மணி வரைதான் சத்தத்துக்குத் தடை, இந்தப் பெண் ஆறு பத்துக்குத்தான் ஆரம்பிக்கிறாள் என்று விதியின் நகலை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"ரூல்ஸ் எல்லாம் ரோட்டுக்கு சார். காம்பவுண்டுக்குள்ள நாந்தான் ரூல்ஸ்" என்றார்.

அன்று மாலையே இரண்டு ஊர்களிலும் வீடு தேட ஆரம்பித்தோம். எல்லா வீட்டிலும் ஒரே வினாத்தாள். தனியாகவா இருப்பாய், எப்போது கல்யாணம், கோழி சமைப்பாயா, கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, நீங்கள் என்ன ஆளுக. வாடகை ஒப்பந்தத்தில் அந்தக் கேள்விக்கு இடம் கிடையாது. நான் அதைச் சொன்னபோது ஒருவர், "ஒப்பந்தத்துல இல்லாததனாலதான சார் வாயால கேக்கோம்" என்றார். இந்த விடையை நான் நாற்பது வருஷ அலுவலகத்தில் எந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை.

ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை சொல்லித் தேறிவிட்டோம். வாசலில் வெள்ளை நாய் ஒன்று சங்கிலியில் படுத்திருந்தது. நாயனம் என்றதும் வீட்டுக்காரர் நாயைப் பார்த்தார்.

"எங்களுக்கு ஒண்ணுமில்ல சார். நாய்க்குத்தான் ஒத்துக்கிடாது. நாயனத்தக் கேட்டா ஊளை விடும். வீட்டுல ஊளை விட்டா ஆகாதும்பாவ."

அவருடைய மனைவி உள்ளே திரும்பித் தெலுங்கில் யாரிடமோ பேசினார். பந்தல் வாசலில் உட்கார்ந்து வாசிக்கிறதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறதாம் என்று அதற்கு அர்த்தம். எனக்குத் தெலுங்கு தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நாங்கள் படியிறங்கும்போது மெயின் ரோட்டில் மாப்பிள்ளை அழைப்பு ஒன்று நாயனம் மேளத்தோடு போனது. நாய் ஒரு காதை நிமிர்த்திவிட்டுத் திரும்பவும் தூங்கியது. அதனுடைய வாக்குமூலத்தை யாரும் வாங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவருடைய மாடி காலியாக இருந்தது. சுந்தரபாண்டியத்தில் நிலபுலம் உள்ளவர், நல்ல காற்றோட்டமான மாடி. நாயனம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. நான் ஏமாந்தேன்.

"யாரு வாசிக்கது? நீயா தாயி?"

"நான்தாங்க."

"கல்யாணத்துக்கும் வாசிப்பியா?"

"வாசிப்பேங்க."

"எம் மகளுக்குத் தையில கல்யாணம். பொம்பளப்புள்ள நாயனம்னா எம்புட்டு எடுப்பா இருக்கும். நாள் குறிச்சதும் சொல்லுதேன், வந்துரணும்."

காப்பி வந்தது. குடித்து முடித்ததும் மாடியைப் பற்றிக் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வீடு வேற சார். நாயனம் வாசல்ல வந்துட்டுப் போனா லெச்சுமி. மாடியிலயே இருந்தா..."

அந்த வாக்கியத்தை முடிக்கும்படி கேட்டேன். முப்பது வருஷம் பிறருடைய வாக்குமூலத்தை எழுதி வாங்கியவருக்குத் தன்னுடைய ஒரு வாக்கியத்தை முடிக்க வரவில்லை. "நீங்க படிச்சவிய, தெரியாததா" என்றார். எனக்குத் தெரிந்தது. தெரிந்ததனால்தான் கொதித்தது. மகள் கழுத்தில் தாலி ஏறும் நேரத்துக்கு இந்தப் பெண்ணின் மூச்சு வேண்டும். அந்த மூச்சு எந்தக் கூரைக்குக் கீழே தூங்கி எழுகிறது என்பது மட்டும் வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பிறகு ஒன்று கிடைத்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவரின் வீட்டுப் பின்பகுதி. மியூசிக் டீச்சர் என்றதும், நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். காலையில் சாதகம் செய்வேன் என்று அவளும் சொன்னாள். தாராளமாகச் செய் என்றார். இரண்டே நாளில் நான் பதினொரு மாத ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போனேன்.

நான் எழுதிய ஒப்பந்தத்தில் ஓட்டை இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஒன்பதாவது நிபந்தனையாக, வாடகைதாரர் தினமும் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை நாகசுரம் வாசித்துப் பழகுவார், அதற்கு உரிமையாளர் ஆட்சேபம் தெரிவிக்கக் கூடாது என்று சேர்த்திருந்தேன். அம்மையார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியில் இருந்து படித்தார். ஆசிரியை அல்லவா, ஒரு எழுத்து விடவில்லை. எட்டாவது வரைக்கும் தலையாட்டினார். ஒன்பதாவதில் பேனாவை மூடினார். வீணை என்று நினைத்தேன் என்றார். தாள்களைச் சீராக அடுக்கி, பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்தார்.

பஸ் நிலையத்துக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"அந்த ஒன்பதை எதுக்குப் பெரியப்பா எழுதுனீங்க?"

"நாளைக்கு அவங்க ஆட்சேபிக்கக் கூடாதுன்னுதான்."

"இன்னைக்கே ஆட்சேபிச்சிட்டாங்களே" என்றாள். "ஒரு வாரம் மெதுவா மோகனம் வாசிச்சு அவங்க காதைப் பழக்கியிருப்பேன். அப்புறம் அவங்களே விட்டிருக்க மாட்டாங்க. நீங்க காதுக்கு முன்னாடி காகிதத்தக் குடுத்துட்டீங்க."

எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த அம்மையார்மேல். மீதியை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், சில்லறை இல்லை என்று சொன்ன கண்டக்டர்மேல் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போகவில்லை. தானே ஒரு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டு, கையெழுத்துப் போடும்போது மட்டும் வாருங்கள் என்று போன் செய்தாள். பள்ளியில் அவளிடம் பாட்டுப் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய் சொன்ன இடம். ராஜபாளையத்தை விட்டு வெளியே, மருத்துவமனைக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு தறிக்கொட்டகை. அதன் பின்சுவரை ஒட்டி இரண்டு அறை வீடு. காலை ஆறு மணிக்கு இருபது விசைத்தறிகள் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அதனால் ஒரு வருஷமாக யாரும் குடிவரவில்லை.

கொட்டகை உரிமையாளரை எல்லாரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். அவர் வினாத்தாள் எதையும் எடுக்கவில்லை. "தறிச்சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்குமே தாயி" என்று அவர்தான் தயங்கினார். நான் ஒப்பந்தத்தை நீட்டினேன். பாடம் கற்றவனாக ஒன்பதாவதை எடுத்துவிட்டிருக்க வேண்டும். எடுக்கவில்லை. அவர் படிக்காமல் கையெழுத்துப் போடப் போனார். படித்துத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஒன்பதாவதை உரக்கப் படித்துக் காட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன சார் சொன்னிய? கேக்கல" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வாசிக்கத் தொடங்கினாள். ஆட்சேபிக்க ஆள் இல்லை. ஒரு மாதம் கழித்துப் போனபோது முகமே வேறாக இருந்தது. கொட்டகையில் மூன்றாவது தறி நொண்டுகிறது என்றாள். மற்றவையெல்லாம் நாலு நாலாக அடிக்கும்போது அது மட்டும் ஓர் அடி தாமதித்து ஐந்தாக விழுகிறதாம். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு ஒரு பல்லவி கட்டியிருந்தாள். பழசு எதிலும் இல்லாதது என்று அவளே சொன்னாள். தறி மெக்கானிக் வந்தபோது, ஐப்பசி முடியும்வரை அதைத் தொட வேண்டாம் என்று பாயிடம் கெஞ்சியிருக்கிறாள். அவரும் சரி என்றாராம். இதை எந்த ஒப்பந்தத்திலும் நான் எழுதியிருக்க முடியாது.

தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தபோது மாதாந்திர மின்தடை வந்தது. ஒன்பது மணியில் இருந்து ஐந்து மணி வரை. சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. அன்றைக்கு நாள் முழுக்க வாசித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள், நானும் கேட்கப் போனேன். நான் போய்ச் சேரும்போது தறிகள் நின்றுவிட்டன. அந்தத் தெருவில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. எதிர்வீட்டில் மிளகாய் கிள்ளுவதுகூடக் கேட்டது. அவள் நாயனத்தை உறையில் போட்டுக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு வாசிச்சா தெருவே கேக்கும். நாளைக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டா?"

ஒன்பதாவது நிபந்தனை இருக்கிறது, யாரும் வாய் திறக்க முடியாது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பஸ் நிலையம் ஞாபகத்துக்கு வந்தது. பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

பின்கதவு தட்டப்பட்டது. கொட்டகையில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள் நின்றார்கள். சேத்தூரில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், தலையெல்லாம் பஞ்சு. நான் எழுந்து நின்றேன். ஆட்சேபம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மூத்தவள் அவளைப் பார்த்துக் கேட்டாள். "ஏட்டி, ஏன் நிப்பாட்டிட்ட?"

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். இத்தனை நாளும் உங்களுக்குக் கேட்டதா என்று நான்தான் கேட்டேன். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"தறிக்குள்ள நிக்கவளுக்குக் கேக்காம எப்பிடி? அம்புட்டு சத்தத்துலயும் ஒத்த நூல் அறுந்தா எங்களுக்குக் கேக்கும் சார். கேக்கலன்னா துணி போயிரும்லா."

இளையவள் சொன்னாள்: "மேல போயி வளைஞ்சு எறங்குவால்லா, அதுல நேத்து தப்பிட்டா. முந்தாநாளு சரியா எறங்குனா."

எங்கள் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. நேற்று அந்த இடத்தில் மூச்சு போதவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். பதிவுத்துறைக்காரன் நான், அந்தப் பல்லவியை இரண்டு முறை கேட்டவன், எனக்குத் தெரிந்திருக்காது.

மூத்தவள் வாசற்படியில் உட்கார்ந்து மடியில் இருந்த சோற்றுப் போணியைத் திறந்தாள். "கரண்டு வர அஞ்சு மணியாவும். வாசி. செத்த நேரம் நொண்டித்தறிய நான் தட்டுதேன்" என்று சொல்லிப் போணி மூடியை எடுத்துப் படியில் ஐந்தாகத் தட்டிக் காட்டினாள். ஓரடி பிசகவில்லை.

அன்று மாலைவரை வாசித்தாள். தெரு முழுக்கக் கேட்டது. யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்த எதிர்வீட்டம்மாள் இடையில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

தேர்வு முடிந்து, தரம் கிடைத்ததாகக் கடிதம் கார்த்திகையில் வந்தது. அந்தப் பின்வீட்டு முகவரிக்கு வந்த முதல் அரசுக் கடிதம் அதுதான். நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் போலீஸ்காரரின் போன். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று, அந்தப் புள்ளைக்கு இப்போது ரேடியோவிலேயே தரம் கொடுத்திருக்கிறார்களாமே, முகூர்த்தத்துக்கு வரச்சொல்லுங்கள் என்றார். மாடி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறதா என்று கேட்டேன். கிடக்கிறது என்றார். நல்லது என்றேன். வாசிப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது அவள், வீட்டுக்கு நேரில் போய்க் கேட்பதுதான் முறை என்று சொல்லி முகவரியைக் கொடுத்தேன்.

"தறிக்கொட்டகைக்குப் பின்னாலயா?" என்றார். "அங்கன எப்பிடி சார் கண்டுபிடிக்க? ஒரு எழவும் கேக்காதே."

உங்களுக்குக் கேட்காது, தறியில் நிற்கிற பெண்களைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.