இடது கைப் பாடம்

பெரியவனே, பாப்பா, ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பிடத் தட்டு வைக்கும்போதுகூட நீங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அதைப் பார்க்க முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வாயால் சொல்ல எனக்கு வராது. எட்டாவதோடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் தள்ளிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சென்னைக்கு ரெஃபர் பண்ணினார்களே, அந்த முதல் ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்த மாதத்திலிருந்து சொல்கிறேன். பாப்பாவுக்கு என்று அங்கேயே ஒரு கீபோர்டு வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டிருந்தோம். அது வந்து சேர்ந்த வாரம்தான், மரைன் ஹில்லில் அவளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டீச்சரம்மாவின் வீட்டுக்காரருக்கு டிரான்ஸ்ஃபர் வந்து, குடும்பத்தோடு தீவை விட்டு மெயின்லேண்ட் போய்விட்டார்கள். புதுக் கீபோர்டு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மேஜையில் கிடந்தது.

அப்போதுதான் பெரியவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மூட்டை மாதிரிம்மா. மியூசிக் கத்துக்குற சாஃப்ட்வேர் எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி சேல் போட்டிருக்கான். தனித்தனியா வாங்கினா நம்மால ஆகாது. இதுல ஒரு பங்கு நோயாளிக் குழந்தைங்களுக்குப் போகுது. எவ்வளவு போகணும்னு நாமளே சொல்லலாம்."

திரையில் ஒரு கோடு, அதன் நடுவில் ஒரு பொட்டு. அதை இழுத்தால் தர்மத்துக்குப் போகிற பங்கு கூடும், குறையும். அம்மா கட்டிலில் சாய்ந்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கடைசி வரைக்கும் தள்ளு."

"அதுக்கு மேல போகாதும்மா. செஞ்சவனுக்கும் கொஞ்சம் வேணும்ல."

"இருக்கறதத் தள்ளுடா, கஞ்சப்பயலே. மெட்ராஸ்ல நானும் உங்கப்பாவும் யாரோ குடுத்த காசுல கட்டுன சத்திரத்துலதான படுத்து எந்திரிச்சோம்?"

வாங்கினோம். ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு நீளமான எண், அதுதான் சாவி என்றான் பெரியவன். வரிசையாக எல்லாவற்றையும் திறக்கப் போனவனை அம்மாதான் நிறுத்தினாள்.

"எதுக்குடா எல்லாத்தையும் ஒரே நாள்ல ஒடைக்கிற? ஒண்ணு முடியட்டும், அடுத்ததத் தொற. சலேகா, அது போதும்."

உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு இந்தத் தீவுக்குக் கூட்டி வந்த வருஷம் கடல் கொந்தளித்துக் கப்பல் வரவில்லை. கடையில் வெங்காயம் கிடையாது, எண்ணெய் கிடையாது. ராமநாதபுரத்துப் பெண், பயந்துபோனாள். அன்றிலிருந்து எதையும் மலிவாய்க் கிடைக்கும்போது வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்குவாள். ஒரு டின் காலியானால்தான் அடுத்த டின்னின் மூடி திறக்கும். நம் மின்னி பே பக்கம் எந்த வீட்டிலும் இதுதானே வழக்கம்? சாஃப்ட்வேரையும் அவள் அப்படித்தான் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியவனும், "லேப்டாப்ல இடமும் இல்ல, நெட்டும் இழுக்காது, ஒண்ணொண்ணாவே போடுவோம்" என்றான். வாங்கி வைத்த பொருள் வீட்டில் இருக்கும்போதே காணாமல் போகும் என்று எங்கள் யாருக்குத் தெரியும்?

கீபோர்டையும் அப்படித்தான் திறந்தோம். உப்புக்காற்று இந்த வீட்டில் எதை விட்டது? மின்விசிறி, கத்தரிக்கோல், அடுப்பு எல்லாம் துரு. வெல்டிங் பட்டறையில் நாள் முழுக்கத் துருவைச் சுரண்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதுதான். அதனால் முதல் சாஃப்ட்வேரில் வலது கைப் பாடம் மட்டும்தான் என்று தெரிந்ததும், அம்மா பிளேடால் பிளாஸ்டிக்கை நடுவில் அறுத்து, வலது பாதியை மட்டும் உரித்தாள். இடது பாதியின் ஓரத்தை டேப் போட்டு ஒட்டினாள். "புழங்குற பக்கம் தொறந்திருந்தாப் போதும்."

பாப்பா வாசித்தாள். கொஞ்சம் கொஞ்சமாய் வந்தது. படுத்துக்கொண்டே அம்மா கிண்டல் பண்ணுவாள்: "என்னடி, ஒத்தக் கையாவே ஓட்டற? இன்னொரு கைக்குச் சம்பளம் குடுக்கலையா?"

"இடது கை ரெண்டாவது சாஃப்ட்வேர்லம்மா. இத முடிச்சாத்தான்."

"ரெண்டு கையும் சேந்து வாசிச்சா எப்பிடி இருக்கும்னு ஒரு தடவ கேட்டுடணும்."

ரெண்டாவது முறை சென்னை போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க" என்றார். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. திரும்பி வருகிற விமானத்தில் அவளே கேட்டாள், "பாப்பா எந்தப் பாடத்துல இருக்கா?"

பாப்பா அதற்குப் பிறகு ஸ்கூலிலிருந்து வந்தால் யூனிஃபார்ம்கூட மாற்றாமல் உட்கார்ந்தாள். முதல் சாஃப்ட்வேரை முடித்த அன்று நல்ல மழை. பெரியவன் அடுத்த சாவியைப் போட்டான். காலாவதி என்று வந்தது. அடுத்ததைப் போட்டான். அதுவும். எல்லாமே. வாங்கி ஒரு வருஷத்துக்குள் திறந்துவிட வேண்டும் என்று அந்தப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததை அன்றுதான் பார்த்தோம். பெரியவன் மெயில் போட்டான். ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது. ஒன்றும் செய்ய முடியாதாம். உங்கள் உதவியால் குழந்தைகள் பயன்பெற்றார்கள், நன்றி என்று கடைசியில் எழுதியிருந்தது.

அப்போதுதான் பாப்பா, "நீ படிச்சிருக்கணும்ல? உனக்குத்தான இங்கிலீஷ் தெரியும்?" என்றாள். பெரியவன் மழையில் இறங்கிப் போய்விட்டான். அன்று நின்ற பேச்சுதான்.

உள்ளே அம்மா, "என்னாச்சு?" என்று கேட்டாள்.

"டவுன்லோட் ஆகுதும்மா. நெட் ஸ்லோ" என்றாள் பாப்பா.

இந்த ஊரில் அதை யார்தான் நம்பமாட்டார்கள்?

புதுசாக வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். சேல் முடிந்த விலையைப் பெரியவன் காட்டியதும் அந்த நினைப்பை விட்டுவிட்டேன். பாப்பா போனில் வீடியோ பார்த்துத் தானே முயன்றாள். டேப்பை உரித்தால் பாடம் வந்துவிட்டது என்று அம்மா நினைப்பாள், அதனால் வெறும் மேஜையில் இடது கையைத் தட்டித் தட்டிப் பழகினாள். ரெண்டு கையும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போனது. காலையில் கண் திறந்ததும் அம்மா கேட்பாள், "வந்துடுச்சா?"

"இல்லம்மா."

"கப்பல் மாதிரிதான். வரும்." கடைசி வாரத்தில் அவளுக்குப் பேச்சு போய்விட்டது. அப்போதும் கண்ணை மட்டும் கீபோர்டு பக்கம் திருப்புவாள். நாங்கள் மூன்று பேரும் தலையை ஆட்டுவோம், இன்னும் இல்லை என்று. ஒரு கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவள் போனாள்.

பாப்பா, உன் அண்ணன் படிக்காமல் விட்டதை நானும்தான் படிக்கவில்லை. பெரியவனே, தங்கச்சி கேட்டது உன்னை இல்லை. அவளுக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. நிறுத்தி வைக்கச் சொன்னது அம்மா என்று ரெண்டு பேருக்கும் தெரியும். அதை வாயால் சொல்லக்கூடாது என்றுதான் ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொள்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. ஆனால் அவளும் தப்பு செய்யவில்லை. நாம் பசியில் நிற்கக்கூடாது என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தவள், இதையும் எடுத்து வைத்தாள். கட்டிலுக்கடியில் அவள் அடுக்கின எண்ணெயில்தான் இன்றைக்கும் நமக்குத் தாளிப்பு.

நேற்று நீங்கள் ரெண்டு பேரும் காலேஜுக்கும் ஸ்கூலுக்கும் போன பிறகு நான் பட்டறைக்குப் போகவில்லை. கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். வலது பாதிக் கட்டைகள் மங்கியிருந்தன. டேப்பை நகத்தால் கிளப்பி, இடது பாதிப் பிளாஸ்டிக்கை மெதுவாக உரித்தேன். உள்ளே கட்டைகள் கடையில் பார்த்த மாதிரியே வெள்ளையாக இருந்தன. பிளாஸ்டிக்கைக் கிழிக்காமல், அவள் மடிக்கிற மாதிரியே மடித்து மெத்தைக்கு அடியில் வைத்தேன். நடுக்கட்டையில் டேப்பின் பசை மட்டும் போகவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து ஒரு டின்னை இழுத்துத் திறந்து, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு, அது போகிற வரைக்கும் துடைத்தேன்.