மூன்றாம் படிக்கு அழைத்தார்கள்: ராயப்பேட்டை முதல் அடையாறு வரை

என் தங்கை கவிதா ராயப்பேட்டைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆறாண்டுகளாகப் பிசியோதெரபிஸ்ட். பிரிட்டனில் ஒரு பணி வாய்ப்பு வந்திருப்பதாகவும், ஒப்புதலைச் சனிக்கிழமை மாலைக்குள் தெரிவிக்க வேண்டுமென்றும் மயிலாப்பூர் முகவர் ஒருவர் அவளை நெருக்கிக்கொண்டிருந்தார். நான் கல்லூரியில் பயின்றவள் அல்லேன். ஆயினும் அந்நாட்டு ஊதியப் படிநிலைகளை நானே படித்துத் தெளிந்திருந்தேன். ஆகவே சென்ற ஆடி மாதத்துச் சனிக்கிழமை காலை, அவளுடன் நானும் புறப்பட்டேன்.

மயிலாப்பூர்க் குளத்தருகே இருந்த முகவர் அலுவலகத்துக்கு இரண்டரை கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

"இன்னா மேடம், நர்ஸா கீறீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"பிசியோண்ணா."

"ஓ, மசாஜா?"

"இல்லண்ணா. படுத்தவங்கள நடக்க வெக்கிற வேலை."

"அப்ப எங்க மாமியாருக்கு மட்டும் சொல்லிடாதீங்க. நடந்து நம்ம வூட்டுக்கே வந்துரும்."

சிரித்துக்கொண்டே படியேறினோம். சிரிப்பு அத்துடன் முடிந்தது.

முகவர் காட்டிய பதவியின் பெயர் 'ரீஹாப் அசிஸ்டென்ட்', அதாவது சிகிச்சை உதவியாளர். பேண்டு மூன்று, அதாவது மூன்றாம் ஊதியப் படி. அங்குள்ள அரசு மருத்துவமனைகளில் ஊதியம் பதவிக்கே உரியது, பட்டத்துக்கு அன்று. உதவியாளர்களுக்கு இரண்டாம் படி முதல் நான்காம் படி வரை. அந்நாட்டுத் தொழில் மன்றத்தில் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஐந்தில் தொடங்குவார். சிறப்புத் தேர்ச்சியும் அனுபவமும் உடையோர் ஆறில். பதிவு செய்யாதவர் அப்பெயரைச் சூட்டிக்கொள்வதே சட்டப்படி குற்றம்.

"பதிவு என்ன ஆச்சு?" என்றேன்.

"அதுக்கு ரொம்ப நாளாகும் மேடம். உள்ள போய்ட்டு மாத்திக்கலாம். அசிஸ்டென்டும் தெரபிஸ்டும் ஒரே ரூம்லதானே வேலை செய்றாங்க?"

"சமைக்கிறவரும் சாப்பிட வந்தவரும்கூட ஒரே ஓட்டல்லதான் இருக்காங்க, தம்பி."

மாலைக்குள் சொல்கிறோம் என்று எழுந்தோம். வேறு வழி உண்டா என்று பார்க்கத் தியாகராய நகர், நான்கு கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய். அங்கிருந்த அலுவலகம் வளைகுடாவுக்கு ஆள் அனுப்புவது. உரிமத் தேர்வைப் பற்றிக் கேட்டதற்கு, "தேர்வே வேணாம், மசாஜ் பண்ற ஸ்பா வேலைக்கு விசா இருக்கு" என்றார் அங்கிருந்த அம்மையார். நான்கரை ஆண்டுப் படிப்புக்கு இவ்வூர் அலுவலகங்கள் இடும் மதிப்பு இதுதான்.

அடையாற்றுக்குப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை. கவிதாவின் கல்லூரி சீனியர் சாந்தி பிரிட்டனிலிருந்து விடுப்பில் அங்கு வந்திருந்தார். அவரும் இதே பேண்டு மூன்றில் சென்றவர்.

"நாலு வருஷமா அதே இடத்துல நிக்கிறேன்டி," என்றார். "பேஷன்டுக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். அதச் சொல்ற உரிமைதான் இல்ல."

புறப்பட எண்ணுவோருக்கு என் வேண்டுகோள்: பதிவை இங்கிருந்தபடியே முடியுங்கள். முகவர் இன்றி நீங்களே விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியை நாடுவோர் மொழியையும் பட்ட அங்கீகாரத்தையும் முதலில் பெறுங்கள். ஊதியத் தொகையைக் கேட்பதற்கு முன் பதவியின் பெயரைக் கேளுங்கள். பெரும்பாலும் ஏமாற்று அந்தப் பெயரில்தான் ஒளிந்திருக்கிறது.

அடையாறு பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது மயிலாப்பூர் முகவர் கவிதாவைக் கைப்பேசியில் அழைத்தார். "என்ன மேடம் முடிவு? உள்ள போய் மாத்திக்கலாம்னு சொன்னேன்ல?"

நான் கைப்பேசியை வாங்கக் கை நீட்டினேன். கவிதா தரவில்லை.

"கால் உடைஞ்சு வர்றவங்ககிட்ட நான் தினமும் சொல்றதுதான் சார்," என்றாள். "லேட்டானாலும் பரவால்ல, முதல் அடிய சரியா வைங்க. நொண்டி நடந்து பழகிட்டா, எலும்பு சேர்ந்த அப்புறமும் நொண்டல் போகாது."